அந்த நடை என்னுடையது

“விழு. விழுந்துட்டு அழு.”

பிரபாகர் சார் இதைச் சொன்னபோது காலை பதினோரு மணி இருக்கும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு பழைய குடோன். வெயில் ஏற ஏறக் கூரைத் தகரம் டப் டப்பென்று சத்தம் போடும். பக்கத்து ஷெட்டில் இரும்பு கடைகிற லேத் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஆயில் வாசம் எங்கள் அறை வரைக்கும் வரும்.

நான் நடுவில் நின்றிருந்தேன். தலை, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, பாதம் என்று உடம்பெங்கும் கறுப்புப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். நான் கையைத் தூக்கினால் எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஓர் எலும்புக்கூடு பொம்மை கையைத் தூக்கும். நான் குனிந்தால் அதுவும் குனியும். வீடியோ கேமில் ஓடிக் குதிக்கிற ஆட்களுக்கு இப்படி யாராவது ஒருவருடைய அசைவைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேடம், கூண்டுக்குள் அடைபட்ட பெண். மலைக்காட்டுக்குள் வில்லன் அவளை அடைத்து வைத்திருக்கிறான். கதாநாயகன் வந்து சேரும்வரை அவளுக்கு இரண்டே வேலை. விழ வேண்டும், அழ வேண்டும்.

விழுந்தேன். அழுகை வரவில்லை.

“காவேரி, பயந்த மாதிரி பண்ணும்மா.”

“பயந்தா நான் அழ மாட்டேன் சார்.”

“வேற என்னா பண்ணுவ?”

“சத்தம் காட்டாம வழி தேடுவன்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

குறை கண்டுபிடிக்கிற வேலை

ஓசூர் ஃபேக்டரியில் நான் இருந்த வருடங்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்காக ஒரு வரி. வண்டிகளுக்குப் போகிற இரும்பு பாகங்களில் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற இன்ஸ்பெக்ஷன் மேசை என்னுடையது. தலைமுடி அளவு பிசகினாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும்.

அந்த லைனை மூடியபோது, ஹாஸ்டல் தோழி ஒருத்தி சொல்லித்தான் பிரபாகர் சாரிடம் போனேன். செல்போன் கேம் செய்கிற சின்ன கம்பெனி. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். என் வேலை டெஸ்டிங். ஒரே கேமை நாள் முழுக்க விளையாடி, எங்கே சுவருக்குள் கை போகிறது, எங்கே ஆள் காற்றில் நடக்கிறான் என்று கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். இரும்பில் பார்த்த அதே வேலைதான். கையில் மட்டும் ஆயில் ஒட்டவில்லை.

கேம் எனக்குப் புதிதல்ல. ஹாஸ்டலில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஆறு பேர் ஆறு கட்டிலில் படுத்துக்கொண்டு துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். மைக்கை ஆன் செய்து ஒரு வார்த்தை பேசினால் போதும். “பொண்ணா? போய் சோறாக்கு” என்று ஒரு குரல். “நம்பர் குடு” என்று இன்னொரு குரல். ஒரு வாரத்தில் ஆறு பேரும் மைக்கை அணைத்துவிட்டோம். கையால் ஜாடை காட்டிக்கொண்டே விளையாடுவோம். ஜெயித்தால் எதிர் அணிக்காரன் “சூப்பர் ப்ரோ” என்று எழுதுவான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு மற்ற கம்பெனிகளின் கேம்களையும் விளையாடிப் பார்க்கச் சொன்னார் சார். எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். நானும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். என் கையில் கிடைத்த கேம்களில் பெண்கள் மூன்று விதமாக இருந்தார்கள். ஒருத்தி அடைபட்டுக் கிடப்பாள். ஒருத்தி கடையில் நின்று கதாநாயகனுக்கு மருந்தும் தோட்டாவும் விற்பாள். இன்னொருத்தி முதல் காட்சியிலேயே செத்துப்போவாள், அவனுக்குக் கோபம் வருவதற்காக.

கதை முழுக்கத் தன் காலால் நடந்து போகிறவளை நான் தேடிக்கொண்டே இருந்தேன். எங்கோ ஒன்றிரண்டு வெளிநாட்டு கேம்களில் இருப்பதாக ரேகா சொன்னாள். அவை எங்கள் செல்போனில் ஓடாது.

ரேகா எங்கள் அனிமேட்டர். அத்திப்பள்ளிப் பக்கம், கன்னடக்காரி. பொம்மையின் எலும்புக்கு உடம்பும் சட்டையும் மாட்டுகிறவள் அவள்தான்.

வராமல் போன ஆள்

கூண்டுக் காட்சி முடிந்ததும் கதாநாயகன் காட்சி எடுக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு ஸ்டன்ட் பையன் வருவதாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. வழியில் பைக் சறுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டதாம். சென்சார் பட்டைகள் வாடகைக்கு எடுத்தவை. அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பியாக வேண்டும்.

தினேஷ் முயன்று பார்த்தான். காடு, பாறை, மரமெல்லாம் வரைகிறவன் அவன். நல்லவன், ஆனால் நாற்காலியிலேயே வளர்ந்த உடம்பு. பெஞ்சு மேல் ஏறச் சொன்னால் மூச்சு வாங்கினான்.

“நான் பண்றன் சார்,” என்றேன்.

ஏறினேன், இறங்கினேன், தவழ்ந்தேன், தாவினேன். எல்லாம் சரியாகவே போனது. கடைசியில் யானைக் காட்சி வந்தது.

“யானை தொரத்துது. நீ வேகமா ஓடி, பாறை மேல எகிறி நின்னு திரும்பிப் பாரு. மாஸா இருக்கணும்,” என்றார் சார்.

“அப்பிடி ஓடுனா செத்துருவாங்க சார்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்குத் தெரியும்.

ஓடை

எங்கள் ஊர் நாட்றாம்பாளையம் பக்கம். காடு முடிகிற இடத்தில் ராகிக் கொல்லை ஆரம்பிக்கும். கொல்லை எங்களுடையதல்ல. அம்மா அங்கே கூலிக்கு அறுக்கப் போவாள். எனக்கு ஏழோ எட்டோ வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாள், அவளோடு போயிருந்தேன்.

விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. ராகித் தாள் பனியில் நனைந்து காலில் ஒட்டியது. புளியமரத்தடியில் ஒரு பெரிய நிழல் அசைந்தது. ஒற்றை யானை. எங்களுக்கும் அதற்கும் நடுவில் இருபது எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும்.

அம்மா கத்தவில்லை. என்னை இழுத்து முதுகுக்குப் பின்னால் விட்டாள். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலில் எடை வைத்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் அதே மாதிரி வைத்தேன். யானை காதை விரித்தது.

அது வந்தபோது அம்மா தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து வலது பக்கம் வீசினாள். என்னை இடது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடைச் சரிவில் விழுந்தாள். மேலே யானை அந்தத் துணியைப் போட்டு மிதிக்கிற சத்தம் கேட்டது. ஈரமண்ணில் முகம் பதிந்து கிடந்தேன். அம்மாவின் கை என் வாயை மூடியிருந்தது. அந்த உள்ளங்கையில் ராகித் தாள் அறுத்த கீறல்கள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

சத்தம் நின்று நெடுநேரம் கழித்து எழுந்தோம். அம்மா புடவையைத் தட்டிக்கொண்டு, “நாளைக்கு நீ வர வேணாம்,” என்றாள். அவள் மட்டும் மறுநாளும் அறுக்கப் போனாள்.

அவள் வைத்த அந்த அடிகளைத்தான் குடோன் தரையில் நான் வைத்துக் காட்டினேன். பின்னால் ஒரு எட்டு, இன்னொரு எட்டு, துணி வீச்சு, பக்கவாட்டில் விழுதல். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது தினேஷ் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

“இதையே வச்சுக்கலாம்,” என்றார் சார்.

யாருடைய கால்

ஒரு மாதம் கழித்து, என் அசைவுக்கு மேல் கதாநாயகனின் உடம்பை மாட்டினார்கள். ஆறடி உயரம், அகன்ற தோள், கட்டம் கட்டமாக வயிறு. அந்த உடம்பு என் நடையை நடந்தது.

பார்க்கவே சரியாக இல்லை. அவன் கால் நீளம், என் எட்டு குட்டை. நடக்கும்போது பாதம் தரையில் ஒட்டாமல் எண்ணெயில் சறுக்குவது போலச் சறுக்கியது. பின்னால் அடி வைக்கும்போது இடுப்பு தனியாகப் போனது.

டெஸ்டர் என்ற முறையில் எழுதிக் கொடுத்தேன். ‘கதாநாயகனின் உடம்பு அசைவுக்குப் பொருந்தவில்லை. கால் சறுக்குகிறது. அவசரம்.’

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், இங்கே பார் என்று ரேகா கன்னடத்தில் என்னைக் கூப்பிட்டாள். “ஏ காவேரி, இல்லி நோடே!”

திரையில் ஒரு பெண். நடுத்தர உயரம், முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவை, மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துணி. காட்டு விளிம்பில் வேலைக்குப் போகிறவர்கள் உடுத்துகிற மாதிரியே. ரேகா பட்டனைத் தட்டினாள். அவள் நடந்தாள். கால் சறுக்கவில்லை. யானை வந்தது. அவள் பின்னால் அடி வைத்தாள். ஒவ்வொரு பாதமும் மண்ணில் பதிந்தது.

“நானு ஒண்ணுமே சரி பண்ணல,” என்றாள் ரேகா. “உடம்பை மட்டும் மாத்துனேன். இது நீ கணே.”

கேமில் நான் தேடிக்கொண்டிருந்தவள் எங்கள் மேசையிலேயே நடந்துகொண்டிருந்தாள்.

பிரபாகர் சார் பார்த்தார். முழுதாகப் பார்த்தார். பிறகு, “நல்லா இருக்கு. அழிச்சிடு,” என்றார்.

“ஏன் சார்?” என்றேன்.

“பொம்பளைய ஹீரோவா போட்டா பசங்க டவுன்லோட் பண்ண மாட்டாங்க. இது நான் சொல்றது இல்ல, மார்க்கெட் சொல்றது. புதன்கெழம பெங்களூர்ல இருந்து வர்றாங்க. அவங்க எடுத்துக்கலன்னா நாம ஒம்போது பேரும் வேற வேலை தேடணும். புரியுதா?”

புரிந்தது. ரேகா தலையாட்டினாள். ஆனால் அழிக்கவில்லை.

புதன்கிழமை

எங்கள் கேமை வெளியிடப்போகிற கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் நிதின். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்து மரியாதையாகப் பேசினார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்ட்ரோலரைக் கையில் எடுத்து விளையாட ஆரம்பித்தார். நாங்கள் ஒன்பது பேரும் பின்னால் சுவரோரம் நின்றோம்.

முதல் கட்டம் போனது. இரண்டாவதும் போனது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாரின் சட்டை முதுகில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

யானைக் கட்டம் வந்தது. கதாநாயகன் பின்னால் அடி வைத்தான். கால் சறுக்கியது. நிதின் மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் சறுக்கியது. அவர் சிரித்துவிட்டார்.

“என்ன சார், உங்க ஹீரோ பொண்ணு மாதிரி நடக்குறான்?”

யாரும் சிரிக்கவில்லை. தினேஷ் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். பேசாதே என்று அர்த்தம். அவன் மனைவிக்கு அது ஏழாவது மாதம்.

பேசினால் ஒன்பது பேர் வேலை போகலாம். பேசாவிட்டால் அந்தச் சிரிப்பு அப்படியே அறையில் நிற்கும்.

“பொண்ணுதான் சார்,” என்றேன். “அது என் நடை.”

நிதின் நாற்காலியோடு திரும்பினார்.

“அந்த உடம்பு தப்பு. நடை தப்பு இல்ல. இன்னொண்ணு இருக்கு, பாருங்க.”

சார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ரேகா முன்னால் வந்து மவுஸைப் பிடித்தாள். அவசரத்தில் சரியான ஃபைலைத் திறக்க மூன்று தடவை தட்ட வேண்டியிருந்தது.

நிதின் அவளை வைத்து விளையாடினார். முதல் தடவை ஓடினார், யானை மிதித்தது. இரண்டாவது தடவையும் ஓடினார், மிதித்தது. மூன்றாவது தடவை நின்றார். பின்னால் அடி வைத்தார். பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். யானை பாய்ந்ததும் துணியை வீசி ஓடைக்குள் விழுந்தார். கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டார்.

“பிரமாதம்,” என்றார். பிறகு, “ஆனா இவள வச்சு நான் எங்க டீம்ல பேச முடியாது. பையனையே போடுங்க. கால மட்டும் சரி பண்ணிக் குடுங்க. இன்னைக்கே அக்ரிமென்ட் போட்டுரலாம்,” என்றார்.

வாசலில்

சார் நிதினிடம் பத்து நிமிடம் அவகாசம் கேட்டுவிட்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். எதிர் ஷெட்டில் லாரியில் இரும்புத் தூள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சந்தோஷமா?” என்றார் சார், என்னைப் பார்க்காமல்.

“அவதான் நல்லா இருக்கான்னு அவரே சொன்னாரு சார்.”

“எனக்கும்தான் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? உள்ள நிக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்லு.”

என்னிடம் சொல்ல வேறொன்று இருந்தது.

“அப்ப வேற ஆள வச்சு எடுத்துக்கோங்க சார். என் நடைய அவனுக்குக் குடுக்க மாட்டன். நான் எதுலயும் கையெழுத்துப் போடல.”

அவர் திரும்பினார்.

“மெரட்டுறியா?”

“ஆமா சார்.”

அந்தப் பேச்சு சட்டப்படி செல்லுமா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. மறுபடி பட்டைகளை வரவழைத்து, வேறு ஆளைப் பிடித்து, முதலிலிருந்து எடுக்க மாதக்கணக்காகும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

“இத்தன நாள் எந்த எடத்துலயும் நான் இப்பிடிப் பேசுனது இல்ல சார்,” என்றேன். “அந்த அடி எங்கம்மா வச்சது. அதுக்கு மேல ஒரு ஆம்பள உடம்ப மாட்டி, எங்கம்மாவ கூண்டுக்குள்ள ஒக்கார வச்சு அழ விடச் சொல்றீங்க. என்னால முடியல.”

லாரி ரிவர்ஸ் எடுத்தது. அது போகும்வரை சார் நின்றார். பிறகு உள்ளே போனார்.

நான் வாசலில் நின்றபடி அவர் குரலைக் கேட்டேன். “நிதின், இவதான் எங்க கேமோட லீட் கேரக்டர். வேற மாதிரி எங்களால குடுக்க முடியாது.”

நிதின் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அக்ரிமென்ட் பேப்பர் அவர் பைக்குள்ளேயே திரும்பிப் போனது.

பதினோரு நாள்

அடுத்த பதினோரு நாள் ஆபீஸில் என்னோடு ரேகாவைத் தவிர யாரும் பேசவில்லை. தினேஷ் மட்டும் ஒரு நாள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னான். “உனக்கு ஒரு பொம்மை பெருசு. எனக்குப் பொறக்கப் போறது பெருசு. அதையும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல காவேரி.”

“யோசிச்சேன்,” என்றேன். அது உண்மை. யோசித்தும் பேசினேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். குடோனில் வராத அழுகை அது.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. சார் எல்லாரையும் கூப்பிட்டு நின்றபடியே படித்தார். எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெரிய விளம்பரம் எதுவும் செய்ய மாட்டார்கள். சின்ன அளவில் வெளியிட்டுப் பார்ப்பார்கள். ஓடினால் மேற்கொண்டு பேசலாம்.

கை தட்டலெல்லாம் இல்லை. ஒருவர் பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது. தினேஷ் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். கூண்டுக் காட்சியை எடுத்துவிட்டதால் அந்த இடத்துக்கு ஒரு பாறைக் குகை வரைய வேண்டியிருந்தது. குகை வாசலுக்கு என்ன நிறம் என்று என்னைக் கேட்டான். பன்னிரண்டு நாளில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

கேம் வெளிவந்தது. பெரிதாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். சம்பளம் நிற்காத அளவுக்கு ஓடியது. தினேஷுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் ஒன்பது பேரில் யாரும் வேறு வேலை தேடவில்லை.

வெளியான முதல் வாரம் விளையாடியவர்களின் கருத்துகள் வரத் தொடங்கின. யானைக் கட்டத்தைப் பலர் பாராட்டியிருந்தார்கள். பாதிப் பேர் வேறொன்றைக் கேட்டிருந்தார்கள். ‘ஆண் கேரக்டர் எப்போ வரும்?’ ‘ஹீரோவை எப்படி அன்லாக் பண்றது?’ ‘பையன் எங்க ப்ரோ?’

பதில் எழுதுவதும் என் வேலைதான். என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ‘விரைவில்’ என்று எழுதச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு சாரைக் கூப்பிட்டேன்.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். முதல் கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை அடித்துவிட்டு, தன் மேசைக்குப் போய்விட்டார்.

‘வரமாட்டார்.’